தீவனத்தில் கிருமி: ஈரமும் எலியும்

பூஞ்சை பிடித்த புண்ணாக்கை யாரும் கண்டுபிடித்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும், மக்கிய வாடை அடிக்கும், மாடே முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். பாக்டீரியா அப்படி இல்லை. ஒரு மூட்டைத் தீவனத்தில் சால்மோனெல்லா கலந்திருந்தால் அதன் நிறமோ மணமோ துளியும் மாறாது. கோழி கொத்தித் தின்னும், மாடு நக்கித் தீர்க்கும். அதனால்தான் பூஞ்சை நஞ்சுக்கு ஓர் அத்தியாயமும் பாக்டீரியாவுக்குத் தனியாக ஓர் அத்தியாயமும் தேவைப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "டாக்ஸின் பைண்டர் கலந்திருக்கிறேன், போதும்" என்று இருந்துவிடும் பண்ணையாளர்கள் நிறையப் பேர். அந்த மருந்து பூஞ்சை நஞ்சைப் பிடித்து வைப்பதற்கானது. பாக்டீரியாவை அது தொடுவதில்லை.

இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப வரப்போவது ஈரம்தான். உலர்ந்த தீவனத்தில் பாக்டீரியா பெருகாது. ஆனால் சாவதும் இல்லை. சால்மோனெல்லா உலர்ந்த தவிட்டிலும் மீன்தூளிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்ட நாளில் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். ஆகவே பண்ணையாளர் பார்க்க வேண்டிய வேலை இரண்டு: கிருமியை உள்ளே விடாதிருப்பது, உள்ளே வந்துவிட்டதற்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது. முதல் வேலையை முழுமையாகச் செய்ய யாராலும் முடியாது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

மூலப்பொருளோடு வரும் கிருமி

சால்மோனெல்லா பெரும்பாலும் புரதப் பொருள்களோடு வருகிறது. மீன்தூள், கருவாட்டுத்தூள், இறைச்சி–எலும்புத்தூள், பிறகு சோயாப் புண்ணாக்கு உள்ளிட்ட புண்ணாக்கு வகைகள். மீன்தூளை ஆலையில் வேகவைக்கும்போது கிருமி செத்துவிடும். ஆனால் அதன்பிறகு குளிரும் இடத்திலும் கிடங்கிலும் பறவை எச்சம், எலிப்புழுக்கை, தூசி வழியாக மறுபடி ஏறிக்கொள்கிறது. கடற்கரை மணலில் பரப்பிக் காயவைத்த கருவாடு என்றால் வேகவைக்கும் கட்டமே கிடையாது. காக்கையும் நாயும் நடந்த இடத்தில்தான் அது காய்கிறது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1970-களின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சால்மோனெல்லா அகோனா என்ற வகை அதற்குமுன் அமெரிக்காவில் அரிதாகவே காணப்பட்டது. 1972-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பாராகூல்ட் என்ற சிற்றூரில் மக்கள் நோயுற்றார்கள். தடம் பிடித்துப் போனபோது அது கோழிப்பண்ணைக்குப் போய், அங்கிருந்து பெரு நாட்டிலிருந்து இறக்குமதியான மீன்தூளில் போய் நின்றது. அதே காலத்தில் பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளிலும் அந்த வகை தலைகாட்டியது. ஒரு நாட்டின் மீன்தூள் கடல் கடந்து, கோழிக்குள் போய், மனிதர் தட்டுக்கு வந்திருக்கிறது. கோழிகளுக்கு வெளியே தெரியும்படி நோய் எதுவும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் கொடுமை. வளர்ந்த கோழி சால்மோனெல்லாவைக் குடலில் சுமந்துகொண்டு நன்றாகவே முட்டையிடும்.

நாமக்கல் பகுதிப் பண்ணையாளர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறிக்கோழிக்குக் கொடுக்கும் குச்சித் தீவனம் நீராவியில் சுமார் 80 முதல் 85 டிகிரி வரை சூடேறித்தான் வெளியே வருகிறது. முட்டைக்கோழிக்கு நம் பண்ணைகளில் அரைத்துக் கலப்பது மாவுத் தீவனம். மக்காச்சோளம், சோயா, எண்ணெய் எடுத்த தவிடு, கருவாடு, கிளிஞ்சல் எல்லாம் சூடு காணாமலே கலவை இயந்திரத்துக்குள் போய்த் தீனித் தொட்டிக்கு வந்துவிடுகின்றன. உள்ளே போன கிருமியைத் தடுக்க நடுவில் ஒரு தடையும் இல்லை. எனவே மாவுத் தீவனம் கொடுப்பவர் மூலப்பொருளில் காட்டும் கண்டிப்பு, குச்சித் தீவனம் வாங்குபவரைவிட இரண்டு மடங்கு இருக்க வேண்டும். கருவாட்டின் விலை மலிவு என்பதற்காக ஊர் பேர் தெரியாத சரக்கை இறக்குவது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புரதத்தைச் சோயாவிலும் அமினோ அமிலத்திலும் ஈடுகட்ட முடியும்போது அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

குச்சித் தீவனம் வாங்குபவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சூடேற்றியபின் தீவனம் குளிர்விப்பானுக்குள் போகும். சூடான ஆவி அங்கே குளிர்ந்து, சுவரில் வியர்த்து, தூசியோடு சேர்ந்து கட்டியாகப் படியும். ஆலையில் சால்மோனெல்லா குடியிருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சுத்தமாக வெந்த குச்சி அந்தக் கட்டிமேல் உரசிக்கொண்டு வெளியே வருகிறது. குளிராத தீவனத்தை மூட்டை கட்டினால் பிளாஸ்டிக் சாக்கின் உட்புறம் வியர்க்கும். புதிதாக வந்த மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளிக்காற்றைவிடச் சூடு கூடுதலாகத் தெரிந்தாலோ, சாக்கின் உட்பக்கம் ஈரம் ஒட்டினாலோ, அந்த லாரியைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

சுவீடன் இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டிய நாடு. 1953-இல் ஆல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் அங்கே சுமார் 9,000 பேர் நோயுற்றார்கள், 90 பேர் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு பண்ணையிலிருந்து தீவனம் வரை பின்னோக்கிப் போய்க் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். கோழித் தீவனத்தைச் சூடேற்றியே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. ஆலையில் அவர்கள் மூட்டையை மட்டும் சோதித்துவிட்டு நிற்பதில்லை, இயந்திரங்களின் மூலைகளில் படிந்த தூசியைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கிறார்கள். கிருமி தீவனத்தில் சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையின் ஒரு பிடியில் இருக்கும், அடுத்த பிடியில் இருக்காது. தூசியோ, ஆலை வழியாகப் போன எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். சொந்தமாகக் கலவை இயந்திரம் வைத்திருக்கும் நம் பண்ணையாளர்களும் இந்த முறையைப் பின்பற்றலாம்.

கலவைக் கூடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்

சுத்தம் என்றால் நமக்குத் தண்ணீர்தான். மாட்டுக் கொட்டகைக்கு அது சரி. தீவனம் அரைக்கும் இடத்துக்கு அது தவறு. அரைவை இயந்திரத்தின் இடுக்கிலும் திருகுப் பாதையிலும் கிடக்கும் மாவு தண்ணீர் பட்டால் கூழாகும். இரும்புக்குள் கூழை உலர்த்த முடியாது. காலையில் கழுவிவிட்டு மாலையில் அரைத்தால் முதல் நூறு கிலோ அந்தக் கூழின் மேல் ஓடி வரும். ஆகவே துடைப்பம், உறிஞ்சு இயந்திரம், கட்டியைச் சுரண்டும் தகடு இவைதான் இங்கே கருவி. தவிர்க்க முடியாமல் கழுவினால், முழுவதும் காய்ந்தது என்று கையால் தடவி உறுதி செய்தபின்தான் ஓட்ட வேண்டும். காய்ந்தபின் முதலில் ஓட்டும் சிறிது மக்காச்சோளத்தைத் தனியே பிடித்துக் கொட்டிவிடுங்கள்.

கூட்டிய குப்பையை மறுபடி தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தரையில் சிந்திய மாவும் மூட்டைக்கு அடியில் கிடந்ததும் வீணாகிறதே என்று வாரிக் கலந்துவிடுகிறார்கள். எலிப்புழுக்கையும் செருப்பு மண்ணும் அதில்தான் இருக்கின்றன. உரக்குழிக்குப் போக வேண்டியது அது.

சேமிப்பு

மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. மரப்பலகைத் தட்டு போட்டு அரை அடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சிமெண்ட் தரை உலர்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் இரவில் ஈரம் ஏற்றும், அடி மூட்டை கட்டி தட்டிப்போகும். சுவரோரம் ஒரு முழம் விடுவது காற்றுக்காக மட்டும் அல்ல. எலி சுவரை ஒட்டியே ஓடும். அந்த இடைவெளியில் நீங்கள் நடந்து பார்க்க முடிந்தால் புழுக்கை கண்ணில் படும். பழைய சாக்குகளை, அதிலும் வேறு பண்ணையிலிருந்து வந்த சாக்குகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். முதலில் வந்த மூட்டை முதலில் தீர வேண்டும், ஒவ்வொன்றிலும் வந்த தேதியைக் கரியால் எழுதி வையுங்கள்.

மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மக்காச்சோளம் போன்ற தானியம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பயமில்லாமல் வைக்கலாம். ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, வெயிலில் காயவைத்த தூள் உப்பு சில கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மக்காச்சோளத்தை இறக்கக் கூடாது. உப்பு ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது 12 சதவீதம் ஆகிவிடாது. பெரிய கொள்முதல் செய்பவர் ஈரமானி வாங்குவதே நல்லது.

ஈரப்பட்ட தவிட்டை வெயிலில் காயவைத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். காய்ந்தால் பெருக்கம் நிற்கும். ஏற்கெனவே பெருகியது அப்படியே இருக்கும். மழையில் நனைந்து கட்டிபிடித்த தீவனத்தைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

இரவு ஊறல்

சாயங்காலம் புண்ணாக்கையும் தவிட்டையும் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் கரைத்து மாட்டுக்கு வைப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். கடினமான செக்குப் புண்ணாக்கைக் கரைக்க அது தேவைப்பட்டது. ஆனால் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: சர்க்கரை, புரதம், தண்ணீர், 28 டிகிரி இரவு. அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு கிருமி, மாலை 7 மணியிலிருந்து விடிகாலை 5 மணிக்குள் 20 முறை இரட்டித்துப் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஊறல் புளித்து அமிலமானால் கெட்ட கிருமி அடங்கும் என்பதும் உண்மைதான். எது முந்தும் என்பது வாளியின் அடியில் முந்தின நாள் ஒட்டியிருந்ததைப் பொறுத்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கலப்புத் தீவனத்தை ஊறவைக்கத் தேவையே இல்லை. உலர்வாகவோ, கொடுக்கும் நேரத்தில் தண்ணீர் தெளித்தோ வையுங்கள். புண்ணாக்கை ஊறவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் உடைத்துப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஊறவைக்கும் வாளியைத் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கழுநீர்த் தொட்டியின் அடியில் தங்கும் வண்டலை வாரத்துக்கு ஒருமுறையாவது முழுவதும் இறைத்து, பாசி போகத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளிலிருந்து வாங்கும் ஈரத் திப்பிக்கும், பீர் ஆலைகளிலிருந்து வரும் ஈரக் கழிவுக்கும் இதே கணக்கு. பீர்க் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். விலை மலிவு என்று ஒரு டிராக்டர் இறக்கிவிட்டு ஒரு வாரம் கொடுப்பது கூடாது. வெயில் காலத்தில் இரண்டு நாளில் தீரும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். கூடுதலாக வாங்கினால் காற்றுப் புகாத டிரம்மில் அழுத்தி அடைத்து மூடுங்கள்.

செத்த எலி

சால்மோனெல்லாவைவிட வேகமாக, ஒரே வாரத்தில் ஒரு கொட்டகையையே காலி செய்யக்கூடியது பொட்டுலிசம். இதன் கிருமி மண்ணில் வித்துகளாக எங்கும் இருக்கிறது, இருப்பதால் தொல்லை இல்லை. காற்றுப் படாத, ஈரமான, அழுகும் சதைக்குள் அது வளரும்போதுதான் நஞ்சைச் சுரக்கிறது. வைக்கோல் போருக்குள் செத்த பூனை, சைலேஜ் மூட்டைக்குள் நசுங்கிய எலி, அறுவடை இயந்திரத்தில் சிக்கிய பாம்பு எல்லாம் அதற்கு இடம் கொடுக்கும். அந்த ஒரு பிணத்தை வெட்டும் இயந்திரம் அரைத்துப் பல மாடுகளின் தீனியில் பரப்பிவிடும். கோழி எருவைப் பரப்பிய நிலத்தில் மேயும் மாடுகளுக்கும் இது வருவதுண்டு, எருவில் கிடக்கும் செத்த கோழிகளே காரணம்.

அறிகுறியை நினைவில் வையுங்கள். பின்னங்கால் தள்ளாடும். மாடு படுத்தால் எழாது. நாக்கை வெளியே இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளாது. எச்சில் ஒழுகும், மெல்லவும் விழுங்கவும் முடியாது. காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாடுகளுக்கு இப்படி வந்தால், கையில் இருக்கும் தீவனத்தை அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். படுத்துவிட்ட மாட்டைக் காப்பாற்றுவது மிக அரிது, மற்ற மாடுகளைக் காப்பாற்றலாம்.

இந்த நோய்க்கும் தாது உப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் மேய்ச்சல் மாடுகள் ஒருவித வாத நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை அறிவியலாளர் அதன் முடிச்சை அவிழ்த்தார். அந்த நிலத்துப் புல்லில் பாஸ்பரஸ் குறைவு. குறையை ஈடுகட்ட மாடுகள் காட்டில் கிடக்கும் எலும்பைக் கடித்தன. எலும்பில் ஒட்டியிருந்த அழுகல் சதையில் பொட்டுலிச நஞ்சு இருந்தது. நம் ஊரில் மாடு எலும்பையும் துணியையும் செருப்பையும் மெல்வதைப் பார்த்தால் விரட்டிவிட்டுப் போகிறோம். அது தாது உப்புக் குறைவின் அறிகுறி. தினமும் தாது உப்புக் கலவை கொடுத்தால் எலும்பு கடிப்பது நிற்கும்.

எலும்புத்தூளை வாங்குபவர் நன்றாக நீராவியில் வேகவைத்ததுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். அடைப்பான் நோயின் வித்துகள் வேகாத எலும்பில் பல ஆண்டுகள் தாங்கும். அந்த நோயில் திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் வடியும் மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது.

சைலேஜ்

ஊறுகாய்ப் புல் சரியாக அமைந்தால் அதைவிடப் பாதுகாப்பான ஈரத் தீவனம் இல்லை. சரியாக அமைவது என்றால் லாக்டிக் அமிலம் பெருகி, பி.எச். 3.8 முதல் 4.2-க்குள் இறங்குவது. 5-க்கு மேல் நின்றுவிட்டால் லிஸ்டீரியா வளரும், அது குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் வளரக்கூடியது. ஆடுகளை அது மாடுகளைவிட எளிதாகத் தாக்கும். ஒரு பக்கக் காது தொங்கும், ஒரே திசையில் வட்டமாகச் சுற்றும், குட்டி வீசும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, மனிதக் கருவையும் இந்தக் கிருமி கலைக்கும்.

மக்காச்சோளத்தைப் பால் முற்றும் பருவத்தில், தரையிலிருந்து அரை அடிக்குச் சற்று மேலே அறுங்கள். மண் ஒட்டிய தட்டுதான் கெட்ட கிருமியைக் கொண்டுவருகிறது. பொடியாக நறுக்கி, காற்று இல்லாமல் மிதித்து அழுத்தி, அன்றே மூட வேண்டும். குறைந்தது மூன்று வாரம் திறக்காதீர்கள். திறந்தபின் பி.எச். தாளை ஈரப் புல்லில் அழுத்திப் பார்ப்பது சில ரூபாய் செலவு. நல்ல சைலேஜ் இதமாகப் புளித்த வாடை தரும். வாந்தி வாடையோ கெட்ட நெய் நாற்றமோ அடித்தால் அதில் பியூட்ரிக் அமிலக் கிருமி வேலை செய்திருக்கிறது. அதன் வித்துகள் சாணத்தின் வழியாகப் பாலுக்குப் போகும், பாலைக் காய்ச்சினாலும் சாகாது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜியானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் மாடுகளுக்குச் சைலேஜே கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான்.

மூட்டையில் எலி ஓட்டை போட்டால் அன்றே ஒட்டுங்கள். ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கும் பகுதியை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எறியுங்கள்.

மருந்தும் சோதனையும்

கழிச்சலைக் கண்டவுடன் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது இந்த நோய்களுக்குத் தீர்வு அல்ல. சால்மோனெல்லா அதைத் தாங்கும் திறன் பெற்றுத் திரும்பி வரும். மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் தீவனத்துக்கும் விற்க இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. புரோப்பியானிக், பார்மிக் போன்ற கரிம அமிலங்களை மருத்துவர் சொன்ன அளவில் கலக்கலாம். சுத்தமான தீவனம் மறுபடி கெடாமல் அவை காக்கும், கெட்டதைச் சீராக்காது. செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் வரும் துள்ளுமாரியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் கிருமி ஆட்டின் குடலிலேயே இருக்கிறது, திடீரென்று தானியத்தை அதிகமாக்குவதே அதைக் கிளப்புகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

ஒவ்வொரு முறை வரும் தீவனத்திலும் ஒரு கிலோவைச் சுத்தமான கவரில் போட்டு, தேதியும் வாங்கிய இடமும் எழுதி, உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். அந்தச் சரக்கு தீர்ந்து இரண்டு வாரம் வரை அது இருக்கட்டும். நோய் வந்தபின் காலிச் சாக்கைக் காட்டி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. சோதனைக்கு அனுப்பும்போது பத்து மூட்டைகளிலிருந்து, மேல், நடு, அடி என்று சுத்தமான கரண்டியால் எடுத்துச் சேருங்கள். ஆய்வகத்தில் "தீவனப் பகுப்பாய்வு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் புரதம், நார், கொழுப்பு அளவுகள்தான் வரும். சால்மோனெல்லா பார்க்க வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனத்துக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. மாதிரியை எப்படி எடுத்து அனுப்புவது என்பதைப் போகும் முன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். "கிருமி இல்லை" என்று முடிவு வந்தால் அந்தக் கரண்டியில் இல்லை என்பதே பொருள், எலி நடமாடும் கிடங்குக்கு அது சான்றிதழ் ஆகாது.

ஒரே சரக்கைத் தின்ற இரண்டு கால்நடைகள் ஒரே நாளில் தீனி எடுக்காமல் நின்றால், காரணம் தெரியும் வரை அந்த மூட்டையைத் தனியே ஒதுக்கிவிட்டு 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் இடத்துக்கே வரும்.